இயந்திரக் கையும் நம் பிள்ளைகளும்

ஆண்டுதோறும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு வெளியானதும் மைசூரு வாசகர்களிடமிருந்து நமக்குக் கடிதங்கள் வருவது வழக்கம். "பையன் தேறிவிட்டான், அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்பதுதான் எல்லாக் கடிதத்திலும் கேள்வி. முன்பெல்லாம் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, பிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் என்று ஐந்தாறு பெயர்களைச் சொல்லிப் பதில் எழுதிவிடலாம். இப்போது கேள்வியே மாறிவிட்டது. "ரோபோ படிப்பு என்கிறார்களே, அது நமக்கு ஒத்துவருமா?" என்று கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் யார்? ஹெப்பால் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் அடிப்படையில் லோடிங் வேலை செய்யும் தகப்பனார். வீட்டில் ஊதுவத்தி உருட்டி வந்த தாயார். ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிழைக்க வந்து, இங்கேயே பிள்ளை பெற்று, ரேஷன் கார்டு வாங்கி, ஓட்டுப் போட்டு வருகிறவர்கள். இவர்கள் கேட்கும் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வது நமது கடமை.

சில நாட்களுக்கு முன் ஒரு வாசகர் நேரிலேயே வந்தார். மகன் தேறியிருக்கிறான். யாரோ ஒருவர் வீடு தேடி வந்து, மூன்றே மாதத்தில் ரோபோ டெக்னீஷியன் சர்டிபிகேட் தருவதாகவும், முடித்த கையோடு ஜப்பானில் வேலை நிச்சயம் என்றும் சொல்லியிருக்கிறார். கட்டணம் எண்பதாயிரம் ரூபாய். "பொண்டாட்டி தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள், ஐயா. கட்டலாமா, வேண்டாமா? நீங்கள் சொன்னால் சரி" என்றார். "அங்கே ரோபோ இருக்கிறதா? கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேட்டோம். "கம்ப்யூட்டரில் படம் காட்டினார்கள்" என்றார். கொடியைத் திருப்பி மனைவியிடமே கொடுக்கச் சொல்லி அனுப்பினோம். ஆனால் அத்துடன் நம் வேலை முடிந்துவிடவில்லை. அந்தப் பையன் வேறெங்கே போய்ப் படிப்பது என்று சொல்ல வேண்டுமல்லவா?

முதலில், இந்த ரோபோ என்பது என்ன? பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு மனிதனைப் போல் நடந்து பேசும் பொம்மைதான் நினைவுக்கு வரும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வந்த ஜீனோ என்ற நாய்க்குட்டியை மறந்தவர்கள் குறைவு. தொழிற்சாலையில் உள்ள ரோபோ அப்படியெல்லாம் பேசாது. அது ஒரு கை, அவ்வளவுதான். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஓர் இரும்புக் கை. தோள், முழங்கை, மணிக்கட்டு போல அதற்குப் பெரும்பாலும் ஆறு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார், ஒரு பல்சக்கரப் பெட்டி, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு கருவி. கையின் நுனியில் வெல்டிங் துப்பாக்கியை மாட்டினால் வெல்டிங் செய்யும். பெயிண்ட் துப்பாக்கியை மாட்டினால் பெயிண்ட் அடிக்கும். கவ்வியை மாட்டினால் பெட்டியைத் தூக்கி அடுக்கும். ஒரு முறை சொல்லிக் கொடுத்த வேலையை, தலைமுடிக் கனம்கூட விலகாமல், மூன்று ஷிப்டும் செய்யும்.

'ரோபோ' என்ற சொல்லுக்கும் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ல் எழுதிய நாடகத்தில்தான் அச்சொல் முதலில் வந்தது. 'ரோபோட்டா' என்றால் செக் மொழியில் பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பு. நம் ஊரில் வெட்டி வேலை என்பார்களே, அதுதான். அந்த நாடகம் அரங்கேறி நாற்பது ஆண்டுகள் கழித்து, 1961-ல், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்கு அமர்ந்தது. அச்சிலிருந்து வந்த, கை வைக்க முடியாத சூட்டிலிருந்த உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் வேலை. மனிதன் செய்யக் கூசிய வேலையைத்தான் அது முதலில் எடுத்துக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

இன்று அதன் தொகை என்ன? சர்வதேச ரோபோட்டிக்ஸ் சம்மேளனத்தின் கணக்குப்படி 2023-ம் ஆண்டு முடிவில் உலகத் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 42 லட்சத்து 80 ஆயிரம் ரோபோக்கள் வேலை செய்தன. அந்த ஓராண்டில் மட்டும் சீனா 2 லட்சத்து 76 ஆயிரம் ரோபோக்களைப் புதிதாக நிறுவியது. இந்தியா நிறுவியவை 8,510. சீனாவுக்கு முன்னால் இது கடுகுதான். ஆனாலும் அதற்கு முந்தைய ஆண்டைவிட 59 சதவீதம் அதிகம். புதிதாக நிறுவும் நாடுகளின் வரிசையில் அந்த ஆண்டு நமக்கு ஏழாவது இடம். நம் நாட்டில் நிறுவியவற்றில் பெரும் பங்கு கார்த் தொழிலுக்குப் போயிற்று.

மைசூருவுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையச் சம்பந்தம் உண்டு. மேட்டகள்ளியில் டயர், கூர்கள்ளியில் மண் அள்ளும் பெரு இயந்திரங்கள், ஹூட்டகள்ளியில் லாரி அச்சுகள், நஞ்சன்கூடு சாலையில் இருசக்கர வாகனங்கள், நஞ்சன்கூட்டில் காபித் தூளும் நூடுல்சும், பெலகோளா தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகள். இவையெல்லாம் நமது வாசகர்களில் பலர் தினமும் பஸ் ஏறிப் போகும் இடங்கள். வெல்டிங், பெயிண்டிங், பெட்டி அடுக்குதல், பொட்டலம் கட்டுதல் ஆகிய நான்கிலும்தான் உலகெங்கும் இயந்திரக் கை முதலில் நுழைந்திருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் இருப்பதும் அந்த நான்கில்தான். எனவே இது எங்கோ ஜப்பானில் நடக்கும் கதை அல்ல.

"அப்படியானால் இந்த இயந்திரம் வேண்டாம் என்றே சொல்லிவிடலாமே" என்று சில தொழிற்சங்க நண்பர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. கையால் ஊதுவத்தி உருட்டிய வீடுகளில் இயந்திரம் வந்தபின் கூலி என்னவாயிற்று என்பதை மைசூருத் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். ஆனால் எதிர்ப்பு எதுவரை தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 1960-களில் எல்.ஐ.சி.க்குக் கம்ப்யூட்டர் வரக்கூடாது என்று கல்கத்தாவில் ஊழியர்கள் போராடினார்கள். வங்கிகளில் 1983 செப்டம்பரில் தொழிற்சங்கங்களும் வங்கி நிர்வாகங்களும் இயந்திரமயம் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த ஆண்டே ரங்கராஜன் கமிட்டியின் அறிக்கை வந்தது. அன்று லெட்ஜரை விட்டு டெர்மினலின் முன்னால் உட்காரக் கற்றுக்கொண்ட குமாஸ்தா ஓய்வு பெறும்வரை பிழைத்தார். கற்றுக்கொள்ள மறுத்தவர்தான் ஓரங்கட்டப்பட்டார். நமது குமாஸ்தா வாசகர்களில் மூத்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பாடம் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. அது கோலார் தங்கவயல். 1902-ல் நமது சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் ஏறக்குறைய 90 மைல் கம்பி வழி ஓடி அந்தச் சுரங்கத்தை இயக்கியது. மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் அங்கே பூமிக்கடியில் உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. எலெக்ட்ரீஷியன், பிட்டர், மெஷினிஸ்ட் என்று கையில் தொழில் இருந்தவனுக்குப் பெங்களூரில் இன்னொரு கதவு திறந்தது. சுரங்கத்துக்குள் மண் தள்ளிய அனுபவம் மட்டும் இருந்தவன் விடியற்காலை ரெயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், கிடைத்த கூலி வேலையைச் செய்து, இரவில் திரும்பினான். சுரங்கம் ஒன்றுதான், மூடிய நாளும் ஒன்றுதான். இவன் கையில் தொழில் இருந்தது, அவன் கையில் இல்லை. மைசூருவிலும் இந்தக் கதை உண்டு. யாதவகிரியில் ஜாவா மோட்டார் சைக்கிள் செய்த தொழிற்சாலை 1996-ல் மூடியபோது நடந்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே படிக்கத்தான் வேண்டும். எங்கே படிப்பது?

2022 ஜூன் 20-ந் தேதி பெங்களூரில் பிரதமர் நரேந்திர மோடி, கர்நாடகத்தில் புதுப்பிக்கப்பட்ட 150 அரசு ஐ.டி.ஐ.க்களை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 4,700 கோடி ரூபாய்க்கு மேல் செலவான திட்டம் இது. மாநில அரசும் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனமும் சேர்ந்து செய்தது. இந்தப் புதிய பட்டறைகளுக்காக வகுத்த பிரிவுகளில் ஒன்றின் பெயர் 'இண்டஸ்ட்ரியல் ரோபோட்டிக்ஸ் அண்ட் டிஜிடல் மானுபாக்சரிங் டெக்னீஷியன்'. வாயில் நுழையாத பெயர்தான். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம், படிப்பு ஓராண்டு. இதோடு ஒட்டிய இன்னொரு ஓராண்டுப் பிரிவு, உற்பத்தியைத் தானியங்கி முறையில் கட்டுப்படுத்துவது பற்றியது. இரண்டாண்டுப் பிரிவுகளில் கம்ப்யூட்டர் வழி இயங்கும் சி.என்.சி. இயந்திர வேலையும், மின்சார வாகனப் பழுது பார்ப்பும் இருக்கின்றன. எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லாப் பிரிவும் நடப்பதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள ஐ.டி.ஐ.க்கு நேரில் போய், எந்தப் பிரிவு நடக்கிறது, எத்தனை இடம் என்று விசாரித்துவிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும்.

இரண்டாவது வழி, அரசு கருவிப் பட்டறை மற்றும் பயிற்சி மையம். ஜி.டி.டி.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1972-ல் டென்மார்க் அரசின் உதவியோடு பெங்களூரில் தொடங்கியது. மைசூருவிலும் அதன் மையம் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பின் மூன்றாண்டுப் படிப்பும், ஓராண்டுத் தொழிற்சாலைப் பயிற்சியுமாக டிப்ளமோ தருகிறார்கள். கட்டணம் ஐ.டி.ஐ.யைவிடக் கூடுதல், படிப்பும் கடுமை. ஆனால் காலையிலிருந்து மாலைவரை பட்டறையில் நிற்க வைத்து, அரத்தைப் பிடிக்கும் விதத்திலிருந்து கற்றுக் கொடுக்கிறார்கள். கணக்கில் கெட்டியான பிள்ளை வீட்டில் இருந்தால் இதை விடக்கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க முடியுமானால் அங்கேயும் வழி இருக்கிறது. தமிழக அரசும் அதே டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை எடுத்தது. ஐ.டி.ஐ. முடித்ததற்கான தேசியச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கினாலும் நாடு முழுவதும் செல்லும். ஒசூரில் படித்தவன் மைசூருவில் வேலை கேட்கலாம். மைசூருவில் படித்தவன் ஸ்ரீபெரும்புதூரில் கேட்கலாம். இது நம்மைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. 1991-ஐ நாம் மறந்துவிடவில்லை. மூட்டையைக் கட்ட நேர்ந்தால் வீட்டைச் சுமந்து போக முடியாது. கையிலிருக்கும் தொழிலைச் சுமந்து போகலாம்.

சரி, இந்த டெக்னீஷியன் செய்யும் வேலைதான் என்ன? ரோபோவைக் கண்டுபிடிப்பது அல்ல. அதற்கு இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வரிசை நின்று போனால் பத்து நிமிடத்தில் திரும்ப ஓட வைப்பவன்தான் டெக்னீஷியன். பெரும்பாலும் கோளாறு ரோபோவில் இருக்காது. பொருள் வந்துவிட்டதா என்று பார்க்கும் சென்சாரின் கண்ணில் எண்ணெய் படிந்திருக்கும். லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த கேபிள் உள்ளுக்குள் அறுந்திருக்கும். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றழுத்தம் குறைந்து கவ்வி நழுவியிருக்கும். மல்டிமீட்டரையும் ஸ்பானரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய்க் கோளாறைப் பிடிக்கிறவனே கெட்டிக்காரன். ஒரு சின்ன விஷயம் சொல்கிறோம். பல ரோபோக்களில் மின்சாரம் நின்றிருக்கும்போதும் மூட்டுகளின் நிலையை நினைவில் வைத்திருக்க ஒரு பாட்டரி உண்டு. நேரத்தில் அதை மாற்றத் தவறினால், கை தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிடும். ஆறு மூட்டையும் மறுபடி அளந்து சொல்லிக் கொடுக்கும்வரை வேலை நின்றுதான் இருக்கும். நாட்காட்டியில் தேதி குறித்து வைத்துப் பாட்டரி மாற்றுகிற ஒழுங்கு, பெரிய படிப்பைவிடப் பயன் தருவது இங்கேதான்.

இந்த வரிசைகளையெல்லாம் ஆட்டி வைப்பது பி.எல்.சி. என்ற ஒரு பெட்டி. எந்த சுவிட்சு விழுந்தால் எந்த மோட்டார் ஓட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டதற்கு விடையாக, டிக் மார்லி என்ற அமெரிக்கரின் குழு வடிவமைத்தது. அதற்கு முன் சுவர் முழுக்க ரிலேக்களை மாட்டி வைத்திருப்பார்கள். புதிய பெட்டி வந்தபோது அதற்கான மொழியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டாம் என்று எண்ணி, எலெக்ட்ரீஷியன் வழக்கமாகப் பார்க்கும் ரிலே வரைபடத்தையே மொழியாக வைத்தார்கள். இரண்டு பக்கமும் கம்பம், நடுவே படிகள். ஏணி போல இருப்பதால் 'லேடர்' என்று பெயர். பழைய எலெக்ட்ரீஷியன் ஒருவன் முறையாகச் சில மாதம் உட்கார்ந்தால் இதைப் படித்துவிடலாம். "எனக்கு நாற்பது வயதாகிவிட்டது, இனி என்ன" என்று சொல்லும் நமது வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெல்டருக்கும் இதையே சொல்வோம். ரோபோவுக்கு வெல்டிங் தெரியாது. துப்பாக்கியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எங்கே மெதுவாகப் போவது, தையல் எப்படி விழுந்தால் நல்லது என்பதெல்லாம் தெரிந்தவன்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க முடியும். ஜப்பானில் டொயோட்டா கம்பெனியில் மிட்சுரு கவாய் என்பவர் இருந்தார். கல்லூரி வாசலை மிதிக்காதவர். பதினைந்து வயதில் கம்பெனியின் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, உலைக்கூடத்தில் இரும்படித்து மேலே வந்தவர். ரோபோக்கள் நிறைந்த ஆலையில், சில வேலைகளை மறுபடி கையால் செய்யும் இடங்களை அவர் ஏற்படுத்தினார். கையால் செய்யத் தெரியாதவன் இயந்திரத்தைத் திருத்த முடியாது என்பது அவர் கட்சி. 2017-ல் அவரை டொயோட்டா நிர்வாகத் துணைத் தலைவராக்கியது. நமது ஐ.டி.ஐ.க்களும் இதைப் பார்த்து, பிள்ளையை முதல் நாளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்காமல், அரமும் உளியும் பிடிக்கப் பழக்கிவிட்டு மேலே போவது நல்லது.

அபாயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1979 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் போர்டு ஆலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளியை ரோபோ அடித்துக் கொன்றது. 2015-ல் நம் நாட்டிலேயே, ஹரியானாவின் மானேசரில், ஒரு தொழிலாளி அப்படி இறந்தார். இரும்புக் கைக்குக் கண் இல்லை. குறுக்கே வந்தது தகடா மனிதனா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் அதைச் சுற்றி வேலி. வேலிக் கதவைத் திறந்தால் நின்றுவிடும் ஏற்பாடு. வேலிக்குள் போய்ச் சொல்லிக் கொடுக்கும்போது கையில் பிடிக்கும் பெட்டியில் ஒரு விசை உண்டு. பாதி அழுத்திப் பிடித்தால்தான் கை நகரும். விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். திடுக்கிட்ட மனிதன் ஒன்று கையை உதறுவான், இல்லை இறுக்குவான் என்பதைத் தெரிந்து செய்திருக்கிறார்கள். அப்போது வேகமும் விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. உற்பத்தி குறைகிறது என்று வேலிக் கதவின் பூட்டைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். பயிற்சியில் எதைக் கற்காவிட்டாலும், அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன் என்று சொல்லும் துணிவை நம் பிள்ளைகள் கற்க வேண்டும்.

பிள்ளைகள் என்றால் பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம். ஐ.டி.ஐ. என்றால் ஆண் பிள்ளைக்கு என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. மூட்டை தூக்கவும் சம்மட்டி அடிக்கவும் தேவையில்லாத வேலை இது. பொறுமையும் குறிப்பெழுதும் பழக்கமும்தான் இதற்கு மூலதனம். கார்மெண்ட்ஸ் ஆலைக்கு அனுப்பத் தயங்காத தகப்பனார் ஐ.டி.ஐ.க்கு அனுப்பத் தயங்குவது ஏன் என்று நமக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ஆள் குறைவாகத்தான் தேவைப்படும். பத்து ரோபோவைப் பார்த்துக்கொள்ளப் பத்து டெக்னீஷியன் வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளும் இதில் விழுந்தால் பாதிப் பேர் மறுபடி லோடிங் வேலைக்குத்தான் போக நேரிடும். ஓராண்டுப் படிப்பு ஒருவனை ஆரம்பக்காரனாக்கும், கைதேர்ந்தவனாக்காது. எனவே முதலில் எலெக்ட்ரீஷியன், பிட்டர், மின்னணு மெக்கானிக் என்று ஏதாவதொரு இரண்டாண்டுத் தொழிலைக் கற்றுக்கொண்டு, அதன்மேல் ரோபோவையோ பி.எல்.சி.யையோ ஏற்றிக்கொள்வதுதான் சிலாக்கியம் என்று நமக்குத் தோன்றுகிறது. ரோபோ இல்லாத ஆலையிலும் எலெக்ட்ரீஷியன் வேண்டும். ரோபோ வந்த ஆலையிலும் வேண்டும்.

படிப்பு முடிந்ததும் அப்ரண்டீஸ் வேலை. 1961-ம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டமும், 2019-ல் அதன் விதிகளில் செய்த திருத்தமும், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டீஸ்களை எடுத்தே தீர வேண்டும் என்கின்றன. தொழிலாளர் எண்ணிக்கையில் குறைந்தது இரண்டரை சதவீதம். இது நிறுவனம் காட்டும் தயவு அல்ல, சட்டம். ஆனால் அப்ரண்டீஸ் என்று எடுத்து, கூட்டவும் பெருக்கவும் டீ வாங்கவும் அனுப்பும் இடங்களைப் பற்றி நமக்குக் கடிதங்கள் வருகின்றன. ஓராண்டு முழுக்க ரோபோ வேலிக்கு வெளியே நின்று திரும்பிய ஒரு பையனின் கடிதம் நம் மேஜையில் இருக்கிறது. கர்நாடக அரசின் அப்ரண்டீஸ் அதிகாரிகள் ஆலைக்கு வந்து பையன்களின் பயிற்சி நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். பதிவேட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டுப் போவது போதாது.

அடுத்தது மொழி. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும், ஆனாலும் சொல்கிறோம். 1983-ல் அமைத்த சரோஜினி மகிஷி கமிட்டி முதல், கர்நாடகத்தில் உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்ற கோரிக்கை எழுந்துகொண்டே இருக்கிறது. 2024 ஜூலையில் அமைச்சரவை ஏற்ற மசோதா, நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூராருக்கு என்றது. தொழிலதிபர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் இரண்டே நாளில் நிறுத்தி வைத்தார்கள். அது திரும்ப வருமா வராதா என்பது அரசியல். ஆனால் அதில் 'உள்ளூரார்' யார் என்று சொன்னதை நமது வாசகர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டுகள் வாழ்ந்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் என்பதே அந்த இலக்கணம். மைசூருவில் பிறந்து, கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை அதற்குள் வருகிறான். வீட்டில் தமிழ் பேசுவதால் யாரும் அவனைத் தள்ளிவிட முடியாது. 2015-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்குள்ள பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம். அதைப் பாசாகும் மட்டுக்குப் படித்தால் போதும் என்று பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. பட்டறையில் இன்ஸ்பெக்டர் பேசுவது கன்னடம், இயந்திரத்தின் திரையில் வருவது ஆங்கிலம், அம்மா கேட்பது தமிழ். மூன்றும் நம் பிள்ளைக்கு வேண்டும்.

தமிழில் படிக்க நூல் இல்லை என்ற குறை சொல்லப்படுகிறது. முழுக்கச் சரியல்ல. சென்னை கிண்டியில் 1986-ல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய 'நிமி' என்ற மத்திய அரசு நிறுவனம், எலெக்ட்ரீஷியன், பிட்டர் முதலிய தொழில்களுக்கு ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுகிறது. பாடத்தைத் தமிழில் ஒருமுறை புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் படிக்கும் பையன் வகுப்பில் பின்தங்குவதில்லை. நம் ஊரிலேயே மானசகங்கோத்ரியில் 1969 முதல் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் இருக்கிறது. தேசிய மொழிபெயர்ப்புத் திட்டத்தை நடத்துவதும் அதுவே. சங்க இலக்கியத்துக்கும் பழங்கன்னடத்துக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, பட்டறைச் சொற்களுக்குக் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு கையடக்க அகராதி போட்டுத் தந்தால், மைசூருத் தொழிலாளியின் பையில் அது கிழிந்து போகும்வரை இருக்கும்.

இங்குள்ள தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும், நாமும் வருவோம். கூடவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், ஆலைகளிலிருந்து ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன்களையும் போர்மேன்களையும் அழைத்து, பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு மல்டிமீட்டர் பிடிக்கவும் வரைபடம் படிக்கவும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். இதற்கு மண்டபம் வேண்டாம். ஒரு மேஜையும் பழைய மோட்டாரும் போதும். பின்வாங்கியவர்கள் யாரும் இல்லை, கேட்பவர்கள்தான் இல்லை.

நம்மிடம் வந்துபோன அந்த வாசகருக்கும், அவரைப் போன்ற பெற்றோருக்கும், பணம் கட்டுமுன் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். பையனையும் அழைத்துக்கொண்டு, பயிற்சி நடக்கும் நேரத்தில் போங்கள். அலுவலக அறையில் உட்காராமல் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். ரோபோ இருக்கிறதா, அது ஓடுகிறதா, பையன்களின் கையில் அந்தப் பெட்டியைக் கொடுக்கிறார்களா, இல்லை ஆசிரியர் மட்டும் ஓட்டிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். அரசு அங்கீகார எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு முடித்த இரண்டு பையன்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களையே போய்ப் பாருங்கள். ஜப்பான், ஜெர்மனி என்று பேச்செடுத்தால் வெளியே வந்துவிடுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் சேர எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதி மற்றும் வருமானச் சான்றிதழ், இங்கே படித்த ஆண்டுகளுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியரின் சான்று ஆகியவை தேவைப்படும். தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திராமல் இப்போதே மனுப் போட்டு வையுங்கள்.